என் பனைமரமும் அவருடைய தண்டவாளமும்

எங்கள் நேரசூசி மென்பொருளுக்கு ஒரு லோகோ வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டபோது, அதைக் கீற என்னை விட்டால் ஆள் இல்லை என்றுதான் நினைத்தேன். மென்பொருளைத் தொடங்கியவன் நான். பெயர் வைத்தவனும் நான்தான். பெயருக்காக மூளையைப் பெரிதாகக் கசக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் பாடவேளைகளை அடுக்கி நேரசூசி போடுகிற மென்பொருள், ஆகவே பெயரும் 'நேரசூசி'. பிள்ளைக்குப் 'பிள்ளை' என்று பெயர் வைத்தது மாதிரி என்றாள் என் மனைவி.

நெல்லியடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கணிதம் படிப்பிக்கிறவனுக்கு நேரசூசியும் போடத் தெரியும் என்ற தர்க்கத்தின்படி, பத்தொன்பது வருடமாக அந்த வேலையும் என் தலையில். செய்து பார்க்காதவர்களுக்கு அதன் கொடுமை விளங்காது. ஒருவருக்கு முதல் பாடவேளை வேண்டாம், பஸ் பிந்தும். இன்னொருவருக்குக் கடைசிப் பாடவேளை வேண்டாம், பஸ் முந்தும். சங்கீத ரீச்சருக்கு இடைவேளைக்குப் பிறகு வகுப்பு வேண்டாம், சாப்பிட்ட வயிற்றோடு பாட முடியாது. எல்லாரையும் சமாளித்து ஒரு தாளை ஒட்டினால், அடுத்த ஒரு கிழமைக்கு ஆசிரியர் அறையில் எனக்கு யாரும் ரீ ஊற்றித் தருவதில்லை. பழியைச் சுமக்க இன்னோர் ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் மென்பொருள் எழுதினேன். "நான் என்ன செய்யிறது, கொம்பியூட்டர் போட்டது" என்று முதன்முதலாகச் சொன்ன நாளின் சுகம் இன்றும் நாக்கில் இருக்கிறது.

அதை இலவசமாக இணையத்தில் போட்டேன். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்தினால் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது எல்லாருக்கும் தெரியும்படி பதிவாகும். ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். இந்த விதிகளையும் நானே எழுதினேன். அப்போது திருத்துவதற்கு ஒரு குருவியும் இருக்கவில்லை. அதனால் விதிகள் மிகத் தாராளமாக வந்துவிட்டன.

பிறகு ஆட்கள் வந்தார்கள். பருத்தித்துறையில் கணினி படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் வழிகாட்டிப் புத்தகம் எழுத வந்தார். நோர்வேயில் இருக்கும் ஒருவர், இந்தப் பக்கம் பிறந்தவர், தன் செலவில் எங்களுக்கு இணையத்தில் இடம் எடுத்துத் தந்தார். கடைசியாக வந்தவர் தெல்லிப்பழை மாஸ்டர்.

அவரைப் பற்றிக் கெட்டதாக எழுத எனக்கு மெத்த ஆசை. நாலு வருடமாகத் தகவல் சேர்க்கிறேன். இன்னும் ஒரு பக்கத்துக்குக் காணாது.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். என்னைவிட ஒரே ஒரு வயது இளையவர். ஆனால் முதல் நாளிலிருந்தே 'அண்ணை' என்று கூப்பிட்டு என்னை ஓய்வூதியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அந்தக் காலத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்கு என் நிரல் நேரசூசி போடத் தொடங்கினால், நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுச் சின்ன நித்திரையும் கொண்டுவிட்டு வரலாம். அதில் எனக்குப் பெருமைதான். பாரமான வேலை என்றால் நேரம் எடுக்கத்தானே வேண்டும். அவர் ஒரு சனிக்கிழமை அதைத் திருத்தி அனுப்பினார். பொத்தானை அழுத்திய விரலை எடுக்கும் முன்னர் நேரசூசி வந்து நின்றது. ஏதோ பிழை என்று நம்பி மூன்று நாள் தேடினேன். பிழை கிடைக்கவில்லை. "நன்று" என்று எழுதி ஒப்புக்கொண்டேன். "மிக நன்று" என்று எழுதியிருக்கலாம். அந்த 'மிக' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு மாதமும் ஏதாவது திருத்தினார். திருத்தத் திருத்த நான் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வலயத்திலிருந்து லோகோ கேட்ட நேரத்தில், மென்பொருளில் என்னுடையது என்று மிஞ்சியிருந்தது அதன் பெயர் மட்டும். இனி முகமும் என்னுடையதாக இருந்தால், உள்ளே யார் எதைச் செய்தாலும் அது என் பிள்ளை. முகம் வேறொருவருடையது என்றால் நான் வாசலில் செருப்புப் பார்க்கிறவன். எனக்கு விஷயம் அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது பனர் அடிப்பதற்கு ஒரு படம்.

லோகோ இல்லாமல் இத்தனை காலம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கலாம். ஒன்று இருந்தது. நீல வட்டத்துக்குள் ஒரு மணிக்கூடு, இணையத்தில் சும்மா கிடந்ததை நான் எடுத்துப் போட்டது. கைபேசியில் ஏற்கெனவே இருக்கிற மணிக்கூட்டுப் படமும் கிட்டத்தட்ட அதேதான். சாவகச்சேரிப் பக்கத்துப் பிரதி அதிபர் ஒருவர் எனக்கு அழைப்பெடுத்து, "மாஸ்டர், உங்கடை நேரசூசியைத் திறந்தா விடிய நாலரைக்கு எலார்ம் அடிக்குது" என்று முறைப்பாடு செய்தார். இன்னொருவர், ஒரு போனுக்கு இரண்டு மணிக்கூடு எதற்கு என்று எங்களுடையதை அழித்துவிட்டு, நாங்கள் மென்பொருளை நிறுத்திவிட்டோம் என்று ஊரெல்லாம் சொன்னார். அடுத்த மாதம் வலயத்துப் பிரதி அதிபர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பயிற்சிநாள் வைக்கப்போகிறார்கள். ஒருதரம் பார்த்தால் மறக்காத மாதிரியும், இன்னொன்றோடு குழம்பாத மாதிரியும் ஒரு லோகோ வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னதற்குக் காரணம் இவைதான்.

மூன்று பின்னேரம் இருந்து கீறினேன். நடுவில் பனை, அது இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் என்று யாருக்குத் தெரியும். பனையடியில் விரித்த புத்தகம், புத்தகத்தின் மேல் குத்துவிளக்கு, பின்னால் உதயசூரியன். சூரியனுக்குள் மணிக்கூடு. சுற்றிவர வட்டமாக 'காலம் அறிந்து கற்பிப்போம்'. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள், விளையாட்டுக் கழகங்கள், சனசமூக நிலையங்கள் எல்லாவற்றின் சின்னங்களிலும் இவற்றில் நாலு என்றாலும் இருக்கும். எல்லாரும் வைத்திருப்பதை நாங்களும் வைத்தால் பிழைக்க இடமில்லை என்பது என் எண்ணம். வேறு எதோடும் குழம்பக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் படத்தைக் கேட்டார்கள் என்பதை அந்த நேரம் நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

மனைவிக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா கண்ணீர் அஞ்சலி நோட்டீசிலை படத்தைச் சுத்தி வாற வளையம் மாதிரியெல்லோ கிடக்கு. நடுவிலை தோற்றம், மறைவு ரெண்டும்தான் இல்லை."

"உமக்கு உது விளங்காது."

"ஓம், செத்தவீட்டு நோட்டீஸ் எனக்கு விளங்காதுதான்."

எங்கள் நாலு பேரின் கைபேசிக் குழுவில் படத்தைப் போட்டேன். நோர்வேக்காரர் உடனே பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இங்கே வெள்ளம் வந்து வகுப்பறை முழுக்கத் தண்ணீர் நிற்கிற படத்தைப் போட்டபோதும் அவர் அந்தப் பெருவிரலைத்தான் தூக்கினார். ரீச்சர் யோசித்து எழுதினார்: "சேர், பெரிசாப் பாக்க வடிவு. போனிலை சின்னனா வரேக்கை பருப்பு வடை மாதிரித் தெரியுது. என்ரை கண்ணோ தெரியாது."

தெல்லிப்பழை மாஸ்டர், "அண்ணை, நல்ல உழைப்பு" என்று எழுதினார். முன்னேற்ற அறிக்கையில் 'நல்ல உழைப்பு' என்று எந்தப் பிள்ளைக்கு எழுதுவோம் என்பது எனக்குத் தெரியாதா.

இரண்டு நாள் கழித்து, "அண்ணை, குறை நினைக்காட்டி நானும் ஒண்டு கீறிப் பாத்தனான். போடட்டோ?" என்று கேட்டார். குறை நினைக்காமல் என்ன செய்வது. போடுங்கோ என்றேன்.

போட்டார். வெள்ளைப் பின்னணியில் ஒரேயொரு உருவம், இரும்பில் பிடிக்கிற கறளின் நிறம். தண்டவாளத் துண்டு ஒன்றை முகப்பிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்: அகன்ற அடி, ஒடுங்கிய இடை, தடித்த தலை. தலையில் தொங்கவிடுவதற்கு ஒரு துளை. பக்கத்தில் அதை அடிக்கிற இரும்புக் கம்பி, சரிவாக ஒரு கோடு. வேறு ஒன்றும் இல்லை. எழுத்துக்கூட இல்லை.

இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. போரால் ரயில் ஓடாத வருடங்களில் தண்டவாளத் துண்டுகள் எங்கெல்லாமோ போயின. சில பள்ளிக்கூடங்களுக்கு மணியாக வந்து மரத்தில் தொங்கின. பாடவேளை தொடங்குவதும் முடிவதும் அதன் சத்தத்தில்தான். நேரசூசி என்பதைக் காதால் கேட்டால் அந்தச் சத்தம்தான். கைபேசியில் நகத்தளவாகச் சுருக்கிப் பார்த்தேன். அப்போதும் தண்டவாளம் தண்டவாளமாகவே நின்றது. வடையாகவில்லை.

நல்ல படம் என்பதற்காக வயிறு எரிந்தது என்று சொன்னால் பாதி உண்மை. மற்றப் பாதி இது. அந்தத் தண்டவாளம் என் பள்ளிக்கூடத்துத் தண்டவாளம். அதிபரின் அறைக்கு முன்னால் வேப்பமரத்தில் சங்கிலியில் தொங்குகிறது. தலைப் பக்கத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். அவருடைய படத்திலும் அந்த மூலை சின்னதாக உடைந்திருந்தது. போன வருடம் எங்கள் கணினி அறையில் ஏதோ வேலை செய்யவில்லை என்று அவரை வரச்சொன்னேன். வேலை முடிந்து ரீக்காகக் காத்திருந்தபோது வேப்பமரத்தடியில் நின்று கைபேசியால் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மரத்தைத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, "வேம்பு நல்ல காத்து" என்று வேறு சொன்னேன். பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அந்தச் சத்தத்துக்கு எழுந்து நடக்கிறவன் நான். இவர் ஒரு ரீ குடிக்கிற நேரம் நின்றுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ரீச்சர், "ஐயோ, எங்கடை பள்ளிக்கூடத்து மணியும் உதுதான்" என்று எழுதினார். நோர்வேக்காரர் பெருவிரல் தூக்கினார். இந்த முறை இரண்டு.

அப்போது தெல்லிப்பழை மாஸ்டர் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குழுவில் எழுதினார்: "அண்ணை தொடங்கினது. அண்ணையின்ரை லோகோவே இருக்கட்டும். என்ரையை எடுத்துவிடுறன்."

சரி என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். பனை நின்றிருக்கும், நான் பாவமும் செய்திருக்கமாட்டேன். ஆனால் தோற்கிறவனைவிட, விட்டுக்கொடுக்கப்பட்டு வெல்கிறவனின் நிலை கேவலம் என்று எனக்குப் பட்டது. "இல்லை மாஸ்டர், இது எல்லாற்றை மென்பொருள். முறையா வாக்கெடுப்பம்" என்று மக்களாட்சி பேசினேன்.

வாக்கெடுத்தோம். நான் பனைக்குப் போட்டேன். ரீச்சர் தண்டவாளத்துக்குப் போட்டார். தெல்லிப்பழை மாஸ்டர், தன் படத்துக்குத் தானே வாக்குப் போடுவது அழகில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். நான் என் படத்துக்கு நானே போட்டதை யாரும் சுட்டிக்காட்டவில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நோர்வேக்காரர், "இரண்டும் நல்லாயிருக்கு, ஊர் ஞாபகம் வருகுது" என்று எழுதினார். நாலு பேர், இரண்டு வாக்கு, படத்துக்கு ஒன்று.

"அப்ப பூக்கட்டிப் பாப்பம்" என்றார் ரீச்சர்.

ஒரு காரியத்தில் மனம் இரண்டுபட்டு நின்றால் எங்கள் பக்கத்தில் செய்கிற வேலை அது. தாளில் மடித்த பொட்டலத்தைச் சரை என்போம்; ஒரு சரையில் வெள்ளைப்பூ, மற்றச் சரையில் சிவப்புப்பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமிக்கு முன்னால் வைத்து, பூசை முடிந்ததும் ஒன்றை எடுப்பது. எந்தப் பூ வருகிறதோ அது சாமியின் சொல். கலியாணத்துக்குப் பார்ப்பார்கள், காணிக்குப் பார்ப்பார்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பவும் பார்ப்பார்கள். மென்பொருளுக்குப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் கோயிலுக்கு அதிகம் போகாதவன். நாலு புத்தகம் படித்துவிட்டு இளவயதில் வருகிற ஒரு திமிர், அது பிறகு பழக்கமாகிவிட்டது. ஆனாலும் மறுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு வடிவாகக் கீறிய படம் எது என்று தெரியாது என்பதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

"சேர், நீங்கள் தொடங்கினது. நீங்களே பூவைக் கட்டிக்கொண்டு வாங்கோ. வெள்ளை உங்கடை, சிவப்பு மாஸ்டரின்ரை" என்றார் ரீச்சர். இருபது வருடம் பரீட்சை மேற்பார்வை செய்தவர் அப்படி ஒரு பொறுப்பை என்னிடம் தந்தார்.

சனிக்கிழமை காலை. வெள்ளைக்கு வேலியோரம் நந்தியாவட்டை, சிவப்புக்குக் கிணற்றடியில் செவ்வரத்தை. இரண்டையும் ஆய்ந்தேன். கொப்பித்தாளில் இரண்டு துண்டு கிழித்து, குசினி மேசையில் வைத்து, முதல் துண்டில் வெள்ளைப்பூவை வைத்து மடித்து நூலால் கட்டினேன். இரண்டாவது துண்டிலும் வெள்ளைப்பூவை வைத்து மடித்துக் கட்டினேன். கை தானாகச் செய்துவிட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. முழு அறிவோடு, கதவுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் செய்தேன். செவ்வரத்தையை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரிலிருந்த சாமிப்படத்தில் செருகினேன்.

மனைவி வந்து படத்தையும் என்னையும் பார்த்தாள். "என்னப்பா, இண்டைக்கு மழை வரப்போகுதோ?"

"சும்மா வைச்சனான்."

"வையுங்கோ, வையுங்கோ. லோகோ வெண்டா மொட்டையும் அடிப்பியள் போலை."

கோயிலில் ரீச்சர் அர்ச்சனைத் தட்டோடு வந்து நின்றார். முதல் பஸ்ஸில் பருத்தித்துறையிலிருந்து வந்திருந்தார். தெல்லிப்பழை மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்கள் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்த விதியை யார் கொண்டுவந்தார்களோ, அவர்களுக்கு என் போன்றவர்களைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். அவருக்கு இழுக்கவேண்டிய தேவை இல்லை. நாற்பத்தொன்பது வயதில் வயிறு என்று ஒன்றே இல்லாமல் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு நிற்பதில் ஏதோ ஒரு மரியாதைக் குறைவு இருப்பதாகத்தான் இன்றும் நினைக்கிறேன்.

ஐயர் இளம் வயது. சரைகளை வாங்கிக்கொண்டு, "என்ன காரியம்? காணியோ, கலியாணமோ?" என்று கேட்டார்.

"லோகோ, ஐயா" என்றார் ரீச்சர்.

"ஆருக்கு?"

"கொம்பியூட்டருக்கு."

ஐயர் ஒரு கணம் யோசித்தார். "நட்சத்திரம் சொல்லுங்கோ."

கொம்பியூட்டருக்கு நட்சத்திரம் இல்லாதபடியால் என்னுடையதைச் சொன்னேன். தொடங்கியவன் நான்தானே. வெள்ளை வந்தால் என்னுடையது, சிவப்பு வந்தால் மாஸ்டருடையது என்று ரீச்சர் விளக்கினார். பூசை நடந்தது. ஐயர் கண்ணை மூடி ஒரு சரையை எடுத்து விரித்தார். நந்தியாவட்டை.

மெய்யாகவே சந்தோஷப்பட்டேன். நானே வைத்த பூ வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெல்லிப்பழை மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "சந்தோஷம் அண்ணை" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சந்தோஷத்தில் பாதி அப்போதே போய்விட்டது.

மற்றப் பாதி ஐயரால் போனது. அவர் இரண்டாவது சரையைக் கையில் எடுத்தார்.

"அது எதுக்கு ஐயா?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயரத்தில் இருந்து வந்தது.

"இஞ்சை ரெண்டையும் விரிச்சுக் காட்டுறதுதான் வழக்கம். பிறகு ஆக்களுக்குள்ளை கதை வரக்கூடாது பாருங்கோ. போன ஆவணியிலை காணிக்கெண்டு வந்த ஒருத்தர் ரெண்டிலையும் ஒரே பூவை வைச்சிட்டார். சகோதரங்கள் கோயில் வீதியிலை அடிபட்டுதுகள்" என்று கதைத்துக்கொண்டே நூலைப் பிரித்தார்.

ஒழுங்காகக் கோயிலுக்குப் போய்வருகிற எவனும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான். களவு செய்வதற்கும் ஒரு பக்தி வேண்டும் போலிருக்கிறது.

தாள் விரிந்தது. நந்தியாவட்டை.

ஐயர் பூவைப் பார்த்தார். ரீச்சர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பரீட்சை மண்டபத்தில் பின்வரிசையில் ஒருவன் காற்சட்டைப் பைக்குள் கைவிடும்போது நாங்கள் எல்லாரும் பார்க்கிற பார்வை. மாட்டுப்பட்டவன் பேந்தப் பேந்த முழிப்பான் என்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். முழித்தேன்.

"ஐயா, அது என்ரை பிழை" என்றார் தெல்லிப்பழை மாஸ்டர்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம், நானும்தான்.

"நான்தான் அண்ணைக்குச் சொன்னனான். செவ்வரத்தை வாடிப்போகும், ரெண்டுக்கும் வெள்ளையே வைச்சு ஒண்டிலை ரெண்டு பூவா வையுங்கோ எண்டு."

ஐயர் குனிந்து எண்ணினார். "ரெண்டிலையும் ஒண்டுதான் கிடக்கு."

"அப்ப அண்ணை அவசரத்திலை மறந்திட்டார்" என்றார் மாஸ்டர், வகுப்பில் வெப்பநிலை பற்றிச் சொல்கிற அதே குரலில்.

"சரி, அப்ப திருப்பிக் கட்டி வைப்பமோ? செவ்வரத்தை மடப்பள்ளிக்குப் பின்னாலை நிக்குது."

"வேண்டாம் ஐயா" என்றேன். அன்று கோயிலுக்குள் நான் சொன்ன முதல் உண்மை அது.

ரீச்சர் தட்டை வாங்கிக்கொண்டு வீதி சுற்றப் போனார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து கால் கழுவுகிற பைப்படியில் சட்டையைப் போட்டோம். என் பொத்தான்கள் ஓட்டைகளோடு ஒத்துப்போகவில்லை.

"ஏன் மாஸ்டர் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எதை?"

"தெரியாத மாதிரிக் கேளாதையுங்கோ."

அவர் தலைக்கவசத்தைக் கையில் எடுத்தார். "அண்ணை, ரீச்சர் கோவிச்சுக்கொண்டு விட்டிட்டுப் போனா வழிகாட்டியின்ரை மிச்சத்தை ஆர் எழுதுறது? நானோ, நீங்களோ? வெள்ளிக்கிழமை பனர் அடிக்கக் குடுக்கவேணும். பயிற்சிக்குப் புத்தகமும் வேணும்."

"அவ்வளவுதானோ?"

"வேறை என்ன?"

என்னைக் காப்பாற்றினார், பெருந்தன்மை, அதற்கு நான் கூனிக் குறுகவேண்டும் என்று உள்ளே ஆயத்தமாக இருந்தேன். அந்த வாய்ப்பையும் தரவில்லை. நான் செய்த களவு அவருக்கு வேலையில் வந்த ஒரு தடங்கல். வழியில் மாடு நின்றால் ஹோர்ன் அடித்து விலக்குகிற மாதிரி விலக்கிவிட்டார்.

"உங்களுக்கு என்னிலை கோவமில்லையோ?"

"கோவமெண்டு இல்லை." தலைக்கவசத்தின் வாரைத் தளர்த்தினார். "நான் எடுத்துவிடுறன் எண்டு முதலே சொன்னனான்தானே அண்ணை. நீங்கள்தான் வாக்கெடுப்பு எண்டு நிண்டனீங்கள். உண்மையைச் சொன்னா, அதுதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்."

"என்ரை பனை எப்பிடி? அதையும் உண்மையாச் சொல்லுங்கோ."

"பனை நல்ல பனை" என்றார். "மிச்சம்தான் கூடிப்போச்சு."

மோட்டார் சைக்கிளை உதைத்துப் போய்விட்டார். ஒரு உதையில் ஸ்டார்ட் ஆகிற மோட்டார் சைக்கிள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மேசையில் இருந்தேன். பனை வெல்லவில்லை, தண்டவாளமும் வெல்லவில்லை. யாராவது ஒரு படத்தை உள்ளே சேர்க்க வேண்டும். ஒரு மணித்தியாலம் குழுவைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் எழுதவில்லை. நோர்வேக்காரர் மட்டும் "பூ என்ன சொல்லிச்சு?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ரீச்சர் பார்த்ததற்கான அடையாளம் இருந்தது. பதில் இல்லை. சொல்லவேண்டியவன் நான் என்று அவர் விட்டுவைத்திருப்பது தெரிந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் திருந்திவிட்டதாக யாராவது நினைப்பார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் என் பனையைத் தனியாக எடுத்து, விளக்கு, சூரியன், புத்தகம், வட்டம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சுருக்கிப் பார்த்தேன். நல்ல பனைதான். ஆனால் நேரசூசிக்கும் பனைக்கும் என்ன சம்பந்தம். பனந்தும்புக் கடைக்கும் போடலாம், கருப்பட்டிக்கும் போடலாம். மூடிவைத்தேன்.

பழைய நீல மணிக்கூட்டை எடுத்துவிட்டு, அவருடைய தண்டவாளத்தை அந்த இடத்தில் வைத்தேன். மாற்றத்தை அனுப்பும்போது காரணம் எழுதுவதற்கு ஒரு பெட்டி வரும். அதை நிரப்பாமல் யாரும் எதையும் அனுப்பக்கூடாது என்று விதி எழுதியவன் நான். அதில் எழுதி அனுப்பினால் உலகத்துக்கே தெரியும், பிறகு அழிக்கவும் முடியாது. 'புதிய லோகோ' என்று எழுதினேன். அழித்தேன். 'பெரும்பான்மை விருப்பப்படி' என்று எழுதினேன். எங்கே இருந்தது பெரும்பான்மை. அதையும் அழித்தேன். மனைவி பின்னால் வந்து நின்று வாசிப்பது தெரிந்தும் நிறுத்தவில்லை.

கடைசியில் இப்படி எழுதினேன்: 'இரண்டு சரையிலும் வெள்ளைப்பூ வைத்தவன் நான். வேறு யாரும் சொல்லி வைக்கவில்லை. தண்டவாளம் நல்ல படம்.'

"'மிக நல்ல' எண்டு போடுங்கோவன்" என்றாள் மனைவி.

"போதும்."

அனுப்பினேன். என் மாற்றத்தை நானே ஒப்புக்கொள்ள முடியாது. இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். ரீச்சர் பார்ப்பார், ஒரு கண்டிப்பு எழுதுவார், அல்லது மன்னிப்பாக ஏதாவது எழுதுவார் என்று காத்திருந்தேன். பின்னேரம் ரீச்சர் குழுவில், "வழிகாட்டியின்ரை ஐஞ்சாம் அத்தியாயம் நாளைக்கு அனுப்புறன்" என்று மட்டும் எழுதினார். சேர் என்று போடவில்லை. அடுத்த கிழமையும் போடவில்லை. மூன்றாவது கிழமை, ஒரு கடிதத்துக்கு என் கையொப்பத்தைக் கேட்கும்போதுதான் திரும்பப் போட்டார்.

மாற்றத்தைப் பார்த்தவர் தெல்லிப்பழை மாஸ்டர். அவருடைய பதில் வந்தது என்று கைபேசி சொன்னது. நான் எழுதியதை வாசித்திருப்பார். ஒரு சொல்லாவது எழுதியிருப்பார். பரவாயில்லை அண்ணை என்றோ, உதெல்லாம் ஏன் எழுதினனீங்கள் என்றோ. எதுவானாலும் தாங்கிக்கொள்வது என்று முகத்தைத் தயார்செய்துகொண்டு திறந்தேன்.

காரணப் பெட்டியில் நான் எழுதியதைப் பற்றி ஒரு எழுத்துமில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார்: 'அண்ணை, இடதுபக்க ஓரம் இரண்டு பிக்செல் கூடிவிட்டது. படம் வலப்பக்கம் சாய்ந்து தெரியும். அதைச் சரிபண்ணினால் ஒப்புக்கொள்ளலாம்.'

இரண்டு பிக்செல் என்றால் கண்ணுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, அவர் சொன்னது பிழையாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணினேன்.

இரண்டுதான்.